கற்றையும் அலையும்



பகல்வேளையில் வானொலிப் பெட்டியின் முள்ளைச் சிற்றலைப் பகுதியில், நிலையம் எதுவும் ஒலிக்காத ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர் முதலிற் கேட்பது வெறும் இரைச்சலே. ஆனால் சூரியன் கொந்தளிக்கும் நாள்களில், அந்த இரைச்சலின் நடுவே வேறோர் ஓசை எழுவதுண்டு. கடலலை ஒன்று தொலைவிலிருந்து உருண்டுவந்து கரையில் மோதி வடிவது போல அது எழும். சில விநாடிகளில் அடங்கிவிடும். காதால் கேட்பவருக்கு அது ஒரு தொல்லை. கற்றவருக்கோ அது ஒரு செய்தி. சூரியனின் மேனியிலிருந்து இலத்திரன்கள் திரண்டு ஒரு கற்றையாகப் புறப்பட்டுவிட்டன என்பதே அச்செய்தி.

அந்தக் கற்றை எவ்வாறு ஓசை எழுப்புகிறது? ஓசை எழுப்புவதால் தன் சத்தியை இழக்கும் கற்றை, இழந்தும் சிதறாமல் எவ்வாறு நெடுந்தூரம் செல்கிறது? பார்வைக்குச் சிறியனவாகத் தோன்றும் இவ்விரு வினாக்களும் அறிஞர்களை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அலைக்கழித்தன. ஆய்கூடத்து விளக்கொன்றில் 1925ஆம் ஆண்டிலே தொடங்கிய அந்த வரலாறு, 2025ஆம் ஆண்டில் அண்டத்தின் வெற்றிடங்களைப் பற்றிய ஒரு பெருவினாவிலே வந்து நிற்கின்றது.

முதலில், இவ்வரலாற்றின் களமாகிய பொருளை அறிதல் வேண்டும். திண்மம், திரவம், வாயு என மூன்று நிலைகளைப் பாடசாலைப் பிள்ளைகள் அறிவர். வாயுவை மிகவும் சூடாக்கினால், அல்லது அதனூடே மின்னைப் பாய்ச்சினால், அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்று விலகுகின்றன. எஞ்சியவை நேரேற்றங் கொண்ட அயன்கள் ஆகின்றன. இவ்விரண்டும் கலந்து, மொத்தத்தில் நடுநிலை காத்து, ஆனால் மின்னுக்கும் காந்தத்துக்கும் உடனே செவிசாய்க்கும் ஒரு நான்காம் நிலை உண்டாகின்றது. இதற்குப் பிளாஸ்மா என்னும் பெயரை 1928ஆம் ஆண்டில் இட்டவர் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர். மின்னற் கீற்றும் நியோன் விளக்கின் ஒளிரும் வாயுவும் பிளாஸ்மாவே. சூரியனும் விண்மீன்களும் பிளாஸ்மாவே. அண்டத்தில் ஒளிர்ந்து கண்ணுக்குப் புலனாகும் பொருளின் மிகப் பெரும்பகுதி இந்த நிலையிலேயே உள்ளது.

பிளாஸ்மாவுக்கு ஓர் இயல்பு உண்டு. அதனுள் ஒரு பகுதி இலத்திரன்களைச் சற்றே ஒரு பக்கம் தள்ளிவிட்டாற் போதும். பின்தங்கிய அயன்கள் அவற்றைத் திரும்ப ஈர்க்கும். ஈர்க்கப்பட்டவை பழைய இடத்துக்கு வந்ததும் நிற்பதில்லை. ஊஞ்சற் பலகை நடுநிலையைத் தாண்டி மறுபக்கம் எழுவது போல, அவையும் மறுபக்கம் சென்று மீளும். இவ்வாறு விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை அறிஞர் மீடிறன் என்பர். ஊஞ்சலின் ஆட்டத்தைக் கயிற்றின் நீளம் முடிவு செய்வது போல, இந்த மீடிறனை இலத்திரன்களின் அடர்த்தி முடிவு செய்கின்றது. ஒரு கன சென்ரிமீற்றரில் 10 இலட்சம் இலத்திரன்கள் இருந்தால், ஆட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 90 இலட்சம் முறை நிகழும். அடர்த்தி நான்கு மடங்கானால் மீடிறன் இரு மடங்காகும்.

இந்த இயல்பினாலன்றோ சிற்றலை ஒலிபரப்பே நடைபெறுகின்றது! பூமிக்கு மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில், சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களால் உண்டான அயன மண்டலம் பரந்து கிடக்கின்றது. அதுவும் ஒரு பிளாஸ்மாவே. அதனுடைய மீடிறனிலும் குறைந்த மீடிறனுடன் வரும் வானொலி அலைக்கு, அங்குள்ள இலத்திரன்கள் ஈடுகொடுத்து ஆடி, அதனைக் கீழே திருப்பி அனுப்புகின்றன. மீடிறன் மிகவும் கூடிய அலைக்கோ அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அது ஊடுருவி விண்வெளிக்குச் சென்றுவிடும். சாய்வாகச் செல்லும் அலை இன்னும் எளிதாகத் திரும்பும். 1950களில் கொழும்பிலிருந்து சிற்றலையில் எழுந்த குரலை இந்தியாவின் தொலைதூர நகரங்களிலும் மக்கள் கேட்டு மகிழ்ந்ததற்குக் காரணம், தலைக்கு மேலே கண்காணாது விரிந்திருந்த இந்தப் பிளாஸ்மாக் கூரையே.

இனி, விளக்கின் கதைக்கு வருவோம். 1925ஆம் ஆண்டில் லாங்மியூர் இரச ஆவி நிரம்பிய குழாய்களில் மின்னைப் பாய்ச்சி ஆராய்ந்து கொண்டிருந்தார். சூடான இழையிலிருந்து புறப்பட்ட இலத்திரன்கள் யாவும், அளந்து கொடுக்கப்பட்ட ஒரே சத்தியுடன், ஒழுங்கான கற்றையாகவே புறப்பட்டன. வழியில் இரச அணுக்களோடு மோதி அவை சிறிது சிறிதாகச் சிதறும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால், மோதுவதற்கு வாய்ப்பே இல்லாத மிகக் குறுகிய தூரத்துள் கற்றை தன் ஒழுங்கை இழந்துவிட்டது. சில இலத்திரன்கள் கொடுக்கப்பட்டதைக் காட்டிலும் குறைந்த சத்தியோடு காணப்பட்டன; அது ஒருவாறு பொருந்தும். வேறு சில, கொடுக்கப்பட்டதைக் காட்டிலும் கூடிய சத்தியோடு காணப்பட்டன. பத்து ரூபா கொடுத்தனுப்பிய பிள்ளை, சந்தைக்குப் போய்ப் பதினைந்து ரூபாவோடு திரும்பினால், அந்தப் பணம் எவரிடமிருந்து வந்தது என்று கேளாதிருப்பது எங்ஙனம்?

விடை துண்டு துண்டாகவே கிடைத்தது. 1926இல் ஒல்லாந்து அறிஞர் பெனிங், இத்தகைய குழாய்களுள் மிக விரைவான மின் ஆட்டங்கள் நிகழ்வதைக் கண்டறிந்தார். 1929இல் லூவி ரொங்ஸ் என்பாரும் லாங்மியூரும் அந்த ஆட்டங்கள் பிளாஸ்மாவின் இயல்பான ஆட்டங்களே என்று கணக்கிட்டுக் காட்டினர். 1939இல் மெரில், வெப் என்னும் இருவர் குழாயினுள்ளே நுண்ணிய ஆய்கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தனர். கற்றை சிதறுவது எங்கும் பரவலாக அன்று. மெல்லிய சில படைகளிலேயே என்பதும், விரைந்த ஆட்டங்கள் தோன்றுவதும் அந்தப் படைகளிலேயே என்பதும் தெரியவந்தன. ஆக, இலத்திரன்களைச் சிதறடித்தவை அணுக்கள் அல்ல, அலைகள். அலைகளை எழுப்பியது எது? அந்தக் கற்றையேதான்.

இது நிகழும் முறையை 1949இல் அமெரிக்காவில் டேவிட் போம், இயூஜின் குரோஸ் ஆகியோரும், சோவியத்து நாட்டில் அக்கியேசர், பைன்பேர்க் ஆகியோரும் தனித்தனியே விளக்கினர். அமைதியான பிளாஸ்மாவினூடே ஒரு கற்றை செல்கின்றது எனக் கொள்வோம். எங்கோ ஒரு சிற்றலை தற்செயலாக எழுகின்றது. அந்த அலை கற்றையின் வேகத்தை அண்டிய வேகத்தில் நகருமாயின், கற்றையின் சில இலத்திரன்களை அது சற்றே பிடித்து நிறுத்தும். வேறு சிலவற்றைச் சற்றே முன்தள்ளும். முந்தியவை முன்னே செல்வோரை எட்டிப்பிடிக்க, பிந்தியவை பின்னே வருவோரிடம் சிக்க, சீராக ஓடிய கற்றையில் அங்கங்கே கூட்டம் கூடுகின்றது. கூடிய கூட்டம் பிளாஸ்மாவை மேலும் பலமாகத் தள்ளுகின்றது. அலை மேலும் பெருக்கின்றது. பெருத்த அலை இன்னும் பெரிய கூட்டத்தைக் கூட்டுகின்றது. ஊஞ்சல் தம்மிடம் வரும் ஒவ்வொரு முறையும் ஒருவர் தவறாது தள்ளிவிட்டால் அது எவ்வாறு மேன்மேலும் உயருமோ, அவ்வாறே அலையும் உயர்கின்றது. அதற்கு வேண்டிய சத்தி முழுவதும் கற்றையின் ஓட்டத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. இதனையே கற்றையால் விளையும் உறுதியின்மை என்று அறிஞர் குறிப்பிடுவர்.

இதன் மறுபக்கத்தை, 1946ஆம் ஆண்டிலேயே சோவியத்து அறிஞர் லெவ் லாண்டோ கண்டிருந்தார். அலையின் வேகத்துக்குச் சற்றுக் குறைந்த வேகமுடைய துணிக்கைகளை அலை முன்தள்ளிச் சத்தி கொடுக்கின்றது. சற்றுக் கூடிய வேகமுடையவை அலையை முன்தள்ளிச் சத்தி கொடுக்கின்றன. ஆகவே, மெதுவாகச் செல்வோர் மிகுதியாயின் அலை அழியும். விரைந்து செல்வோர் மிகுதியாயின் அலை வளரும். அமைதியான பிளாஸ்மாவில் மெதுவானவையே மிகுதி. எனவே, துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதாமலே அலைகள் தணிந்துவிடும். மோதலின்றித் தணிதல் என்னும் இம்முடிவைப் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1964இல் மாம்பேர்க், வார்ட்டன் ஆகிய இருவர் பரிசோதனையால் அதனை மெய்ப்பித்த பின்னரே ஐயம் அகன்றது. கொடுப்போர் எத்தனை பேர், கொள்வோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே அலையின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்கின்றது.

ஆய்கூடக் குழாயில் நிகழ்ந்த இதே நிகழ்ச்சி வானத்திலும் நிகழ்கின்றது என்பது அவுத்திரேலியாவில் வெளிப்பட்டது. சிட்னி நகருக்கு அண்மையிலுள்ள பென்றித் என்னும் இடத்தில், 1949ஆம் ஆண்டில், போல் வைல்டும் மக்றெடியும் சூரியனின் வானொலி இரைச்சலைப் பல மீடிறன்களில் ஒருங்கே பதியும் கருவியை அமைத்தனர். அங்கே பதிவானவற்றுள் ஒருவகை வெடிப்பொலி அவர்களைக் கவர்ந்தது. அது உயர்ந்த மீடிறனில் தொடங்கிச் சில விநாடிகளுள் தாழ்ந்த மீடிறனுக்கு இறங்கியது. அதனை மூன்றாம் வகை வெடிப்பொலி என வகுத்தனர்.

இறங்குவதன் காரணம், மேலே கூறிய ஊஞ்சற் கணக்கினால் விளங்கும். சூரியனை அண்டிய பகுதியில் பிளாஸ்மா செறிந்திருக்கின்றது. ஒரு கன சென்ரிமீற்றரில் 10 கோடி இலத்திரன்கள் உள்ள இடத்தில் ஆட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 9 கோடி முறை நிகழும். வெளியே செல்லச் செல்ல அடர்த்தி குன்றும், மீடிறனும் குன்றும். பூமிக்கு அண்மையில் கன சென்ரிமீற்றருக்கு ஐந்து இலத்திரன்களே இருக்கும் நிலையில், ஆட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 20,000 முறைதான். எனவே, மீடிறன் இறங்கும் வேகத்தைக் கொண்டு, ஓசை எழுப்பும் பொருள் மேலேறும் வேகத்தை அளக்கலாம். அளந்தபோது அது ஒளியின் வேகத்தில் மூன்றிலொரு பங்கை அண்டியதாகவும் இருக்கக் கண்டனர். இத்துணை வேகத்தில் செல்லவல்லது இலத்திரன் கற்றையே. அக்கற்றை வழியெங்கும் பிளாஸ்மாவை ஆட்டிச் செல்ல, அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி வானொலி அலையாக மாறி வெளிப்படுகின்றது என்று 1958இல் சோவியத்து அறிஞர் கின்ஸ்பேர்கும் செலெஸ்னியாக்கோவும் விளக்கினர்.

யாவும் அழகாகப் பொருந்தியது போலத் தோன்றிய இந்த வேளையில்தான் பீட்டர் ஸ்டரொக் எழுந்து ஒரு தடை கூறினார். 1964இல் அவர் எழுப்பிய தடை மிக எளியது. கற்றை அலையை எழுப்புகின்றது. அலை கற்றையின் சத்தியை உறிஞ்சுகின்றது. கணக்கின்படி பார்த்தால் இது கண்ணிமைப்பொழுதில் நடந்து முடிந்துவிடும். சூரியனின் பருமனோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டேயாகாத தூரத்துள் கற்றை தன் சத்தியை இழந்து நின்றுவிட வேண்டும். ஆனால் நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் விண்கலங்கள் இத்தகைய இலத்திரன்களை, சூரியனிலிருந்து 15 கோடி கிலோமீற்றர் கடந்து பூமியை அண்டிய இடத்திலேயே கண்டுபிடித்தன. விளக்கினுள்ளே லாங்மியூரை வியப்பில் ஆழ்த்தியது கற்றை ஏன் இவ்வளவு விரைவில் சிதறுகிறது என்ற வினா. வானத்திலே ஸ்டரொக்கை வருத்தியதோ கற்றை ஏன் சிதறவில்லை என்ற வினா. ஒரே கொள்கை ஓரிடத்தில் வினாவுக்கு விடையாகியது. மற்றோரிடத்தில் விடைக்கு வினாவாகியது.

இத்தடையைத் தீர்த்தவர் ஒருவரல்லர். பலர் பல ஆண்டுகள் உழைத்துத் தீர்த்தனர். அவர்கள் கண்ட உண்மை நுட்பமானது. விரைந்த இலத்திரன்கள் முன்னே செல்கின்றன; மெதுவானவை பின்னே வருகின்றன. முன்னணியில் விரைந்தோர் மிகுதியாதலால் அங்கே அலைகள் வளர்கின்றன. பின்னணி வந்து சேரும்போது அங்கே மெதுவானோர் மிகுதி. லாண்டோவின் விதிப்படி அலைகள் தணிந்து, தம் சத்தியை அந்த இலத்திரன்களுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. முன்னே சென்றோர் விதைத்ததைப் பின்னே வந்தோர் அறுவடை செய்கின்றனர். குடும்பத்தின் சொத்து குடும்பத்துக்குள்ளேயே நிற்கின்றது. அன்றியும், சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மா எங்கும் ஒரே சீரான அடர்த்தியுடையதன்று. மேடும் பள்ளமுமான அந்தப் பாதையில், அலை கற்றையோடு கொண்ட இசைவு அடிக்கடி முறிந்துவிடுவதால், வளர்ச்சி அங்கங்கே தடைப்படுகின்றது. 1976இல் குர்னெற், அண்டர்சன் ஆகியோர், ஹீலியோஸ் என்னும் விண்கலங்கள் அனுப்பிய பதிவுகளில், சூரியனுக்கும் பூமிக்கும் ஏறத்தாழ நடுவழியில், வெடிப்பொலியோடு சேர்ந்தெழுந்த பிளாஸ்மா அலைகளை நேரிலேயே கண்டனர். விளக்கினுள் மெரிலும் வெப்பும் செய்ததை, இப்போது விண்கலம் விண்வெளியிலே செய்தது.

இதுகாறும் கூறியவை ஒளியிலும் வேகங் குறைந்த கற்றைகள் பற்றியவை. கற்றையின் வேகம் ஒளியின் வேகத்தை மிக நெருங்குமானால் நடப்பது வேறு. ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையின்படி, எத்துணை சத்தி கொடுத்தாலும் எப்பொருளும் ஒளியின் வேகத்தைத் தாண்டாது. ஒளியின் வேகத்தை அண்டி ஓடும் இலத்திரன் ஒன்றை முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும், அதன் சத்தி மாறுமேயன்றி வேகம் மாறுவது அரிது. வேகம் மாறாவிடின் முந்துவோரும் இல்லை, பிந்துவோரும் இல்லை. எல்லோரும் ஒரே அடியெடுத்து ஓடும் ஓட்டத்திலே கூட்டம் கூடுவது எங்ஙனம்? கூட்டம் கூடாவிடின் அலை வளர்வது எங்ஙனம்? ஆகவே, கற்றையின் போக்கிலேயே செல்லும் அலைகள் இங்கே வலுவிழக்கின்றன.

ஆயினும் கற்றைக்கு முற்றாக விடுதலை இல்லை. முன்னும் பின்னும் தள்ள முடியாத துணிக்கையைப் பக்கவாட்டில் தள்ளுவது அத்துணை கடினமன்று. 1959இல் வைபல், பிரீட் என்னும் இருவர் தனித்தனியே காட்டியது இதுவே. ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். எதிர்த்திசையில் ஓடுபவை ஒன்றையொன்று விலக்கும். இதனால் சீரான கற்றை, முறுக்கவிழ்ந்த வடம் போல, இழை இழையாகப் பிரிந்து, இழைகளைச் சுற்றிக் காந்தப்புலத்தையும் உண்டாக்குகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டுச் சாய்வாக எழும் அலைகளே எல்லாவற்றிலும் வலியவை என்பது பின்னர் தெரிந்தது. ஓய்விலிருக்கும் இலத்திரனைப்போல் 1000 மடங்கு சத்தியுடைய கற்றையில், ஏனைய நிலைமைகள் மாறாவிடத்து, நேரே செல்லும் அலையின் வளர்ச்சி 1000இல் ஒரு பங்காகக் குன்றும். இழை பிரிக்கும் அலை 32இல் ஒரு பங்காகும். சாய்ந்த அலையோ 10இல் ஒரு பங்காகவே குன்றும். சாய்ந்து வரும் காற்றே படகைக் கவிழ்ப்பது என்பதைக் கடலோடிகள் அறிவர்.

இந்தக் கணக்கு எங்கே தேவைப்பட்டது? அண்டத்தின் தொலைதூரங்களிலே. சில விண்மீன்பேரடைகளின் நடுவில் உள்ள பெருங்கருந்துளைகள், ஒளியின் வேகத்தை அண்டிய தாரைகளை வீசுகின்றன. அத்தகைய தாரை பூமியை நோக்கியிருக்குமாயின் அப்பேரடை பிளேசார் எனப்படும். 1992இல் மார்க்கேரியன் 421 என்னும் பிளேசாரிலிருந்து, கண்ணாற் காணும் ஒளியைக் காட்டிலும் இலட்சங் கோடி மடங்கை எட்டும் சத்தியுடைய காமாக் கதிர்கள் வருவதை அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்த தொலைநோக்கி கண்டது. இவை வரும் வழியில், விண்மீன்கள் காலங்காலமாகச் சிந்திய மங்கிய ஒளியோடு மோதி, இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையாகிய பொசித்திரனுமாக இணை இணையாக மாறுகின்றன. அவ்விணைகள் அண்டமெங்கும் நிறைந்துள்ள பழைமையான நுண்ணலைக் கதிர்வீச்சை மோதி, அதனைச் சத்தி குறைந்த காமாக் கதிர்களாக உயர்த்த வேண்டும். 2008இல் விண்ணில் ஏவப்பட்ட பேர்மித் தொலைநோக்கி, அந்த இரண்டாந்தரக் கதிர்களைத் தேடியது. எதிர்பார்த்த அளவில் அவை காணப்படவில்லை.

வந்திருக்கவேண்டிய கதிர்கள் வராமற் போனது எதனால்? இரு விடைகள் எழுந்தன. 2010இல் நெரோனொவும் வொவ்க்கும் கூறியது முதலாவது. பேரடைகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் மிக மெலிந்த காந்தப்புலம் ஒன்று உண்டு. அது இலத்திரனை ஒரு பக்கமும் பொசித்திரனை மறுபக்கமும் வளைத்துவிடுவதால், அவை எழுப்பும் கதிர்கள் பூமியின் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றன. அதற்கு வேண்டிய புலம், பூமியின் காந்தப்புலத்தில் கோடி கோடியில் ஒரு பங்கினும் குறைந்ததாயினும் போதும். 2012இல் புரொடெரிக், சாங், பிரொம்மர் ஆகியோர் கூறியது இரண்டாவது. காந்தப்புலம் வேண்டியதில்லை, இணைகளின் கற்றை, வெற்றிடத்தில் உள்ள மெல்லிய பிளாஸ்மாவினூடே செல்கையில், உறுதியின்மையால் அலைகளை எழுப்பி, தன் சத்தியை அவற்றுக்கே கொடுத்து, வெறுங்கையோடு நிற்கின்றது.

எந்த விடை சரியானது என்பது சிறிய செய்தியன்று. முதலாவது உண்மையாயின், விண்மீன்களே இல்லாத வெற்றிடங்களிலும் காந்தப்புலம் உண்டு. அது அண்டத்தின் இளமைக் காலத்திலேயே தோன்றி எஞ்சிய சுவடாக இருக்கக்கூடும். இரண்டாவது உண்மையாயின், அந்தச் சுவட்டுக்கு இந்த வழியால் சான்று இல்லை. ஓர் அலை வளர்கின்றதா, வளரவில்லையா என்ற கணக்கின் மேல் அண்டத்தின் பழங்கதை ஒன்று தொங்கி நின்றது.

கணக்கு மட்டும் போதாதென்று கண்ட அறிஞர், அந்தக் கற்றையைப் பூமியிலேயே ஆக்கிப் பார்க்கத் துணிந்தனர். சுவிற்சலாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகருக்கு அண்மையில் உள்ள சேர்ன் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிலையத்தில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தாரின் தலைமையில் ஒரு குழு இப்பணியில் இறங்கியது. அங்குள்ள பெரிய முடுக்கியிலிருந்து ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 30,000 கோடி புரோத்தன்களை எடுத்து, பென்சிற்கரியினாலும் தந்தலம் என்னும் உலோகத்தினாலும் ஆன இலக்கின் மேல் வீசினர். அந்த மோதலின் தொடர்விளைவாக 10 இலட்சம் கோடிக்கு மேற்பட்ட இலத்திரன்-பொசித்திரன் இணைகள் பிறந்தன. பிளாஸ்மாவைப் போலவே ஒருங்கு நடந்துகொள்ளத் தக்க அளவுக்கு அவை செறிந்திருந்தன. இச்செய்தி 2024இல் வெளியாயிற்று. அதன்பின், அந்தக் கற்றையை ஒரு மீற்றர் நீளமான பிளாஸ்மாவினூடே செலுத்தினர். இழை இழையாகப் பிரியுமா, சிதறுமா என்று பார்த்திருந்தனர். பிரியவில்லை, சிதறவில்லை. புகுந்த கற்றை ஒடுங்கிய கற்றையாகவே வெளிவந்தது. அலைகளால் உண்டாகவேண்டிய காந்தப்புலமும் ஏறத்தாழ இல்லையாயிற்று.

காரணம் ஆராயத்தக்கது. கணக்கிலே வரும் கற்றை குறையற்ற கற்றை. அதில் எல்லாத் துணிக்கைகளும் ஒரே திசையை நோக்கி ஓடும். மெய்யான கற்றையிலோ துணிக்கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிதே திசை பிறழ்ந்து ஓடுகின்றன. அந்தச் சிறு பிறழ்ச்சி அலைக்கும் கற்றைக்கும் உள்ள இசைவைக் குலைத்துவிடுகின்றது. ஊஞ்சலை ஆட்டுவோர் பலராகி, ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் தள்ளினால் அது உயராது அன்றோ? குறை என்று எண்ணப்பட்டதே கற்றைக்குக் காவலாயிற்று. 2025இல் வெளிவந்த இம்முடிவு, காணாமற்போன கதிர்களுக்கு அலைகள் காரணமாகா என்பதையும், வெற்றிடத்துக் காந்தப்புலமே பொருந்திய விடை என்பதையும் வலியுறுத்துகின்றது. ஒரு மீற்றர் பாதையில் கண்டதைப் பல கோடி ஒளியாண்டுப் பாதைக்கு எடுத்துச்செல்லும் பொறுப்புக் கணக்குக்கே உரியது. ஆயினும், கணக்குக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

கற்றையைக் குலைக்கும் இவ்வுறுதியின்மை எப்போதும் பகையே என்று எண்ணவும் வேண்டாம். அதே சேர்ன் நிலையத்தில், வேறொரு குழுவினர், நீண்ட புரோத்தன் கற்றையைப் பிளாஸ்மாவினுள் செலுத்தி, இதே இனத்ததான வேறோர் உறுதியின்மை அதனைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுமாறு செய்தனர். துண்டுகள் வரிசையாகச் சென்று எழுப்பிய அலையின் மேல் இலத்திரன்களை ஏற்றிவிட, 2018ஆம் ஆண்டில் அவை 10 மீற்றர் தூரத்துள் 200 கோடி இலத்திரன்வோற்றுச் சத்தியைப் பெற்றன. ஆற்றில் வரும் வெள்ளம் கரையையும் அழிக்கும். வாய்க்கால் கண்டவருக்கு வயலையும் விளைவிக்கும்.

நூறாண்டுகளுக்கு முன்னர், விளக்கொன்றின் இலத்திரன்கள் கணக்குக்கு ஒவ்வாமல் நடந்தபோது, லாங்மியூர் அதனைக் கருவியின் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். கொள்கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, ஸ்டரொக் வாளாவிருந்திருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யாமையாலேயே, இரச விளக்கின் வினா சூரியனுக்குச் சென்றது. சூரியனின் வினா அண்டத்தின் வெற்றிடத்துக்குச் சென்றது. பொருந்தாத ஒன்றைப் பொருந்தவில்லை என்று சொல்லும் நேர்மை அறிவுக்கு முதற்படி. அதன் காரணத்தைத் தேடிப் பொறுமையோடு காத்திருத்தல் இரண்டாவது படி.

இனி ஒருநாள், வானொலிப் பெட்டியில் அலை மோதி வடிவது போன்ற அந்த ஓசை எழுந்தடங்கும்போது, முள்ளைத் திருப்ப விரையும் கை சற்றே தயங்குமாயின் நன்று. ஒளி வந்து சேர எட்டு நிமிடங்களுக்கு மேலாகும் தொலைவில் ஒரு கற்றை புறப்பட்டுவிட்டது. தான் எழுப்பிய அலைகளோடு கொடுத்தும் கொண்டும், சிதறாமல், அது வந்துகொண்டிருக்கின்றது.